ஜப்பான் பள்ளிகளைப் பற்றி மேடையில் பேசுவோருக்கும், அவர்களை அழைக்கும் தாளாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தன்னம்பிக்கைப் பேச்சாளர்களே, பள்ளித் தாளாளர்களே,

இந்த மடலை எழுத வைத்தது ஒரு சுற்றறிக்கை. கொங்குப் பக்கம் ஓர் ஊரில் என் அக்கா மகன் ஒரு தனியார் பள்ளியில் படிக்கிறான். ஜூன் மாதம் பள்ளி திறந்தவுடன் உங்களில் ஒருவரை அழைத்து, பெற்றோரையும் ஆசிரியர்களையும் உட்கார வைத்து, ஜப்பான் கல்வியின் பெருமை என்று ஒரு மணிநேரத்துக்கு மேல் பேச வைத்தார்கள். அடுத்த வாரமே வீட்டுக்கு ஒரு தாள் வந்தது. இனிமேல் ‘ஜப்பான் முறைப்படி’ வகுப்பறை, வராந்தா, கழிப்பறை எல்லாவற்றையும் மாணவர்களே சுத்தம் செய்வார்களாம். தாளில் எழுதாத விஷயம் ஒன்று உண்டு. அங்கே பல வருடமாக வேலை பார்த்த ஆயாம்மா இரண்டு பேரை அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். கட்டணம் மட்டும் போன வருடத்தைவிடக் கூடியிருக்கிறது. அக்கா அந்தத் தாளையும் பேச்சின் வீடியோவையும் எனக்கு அனுப்பி, “உங்க ஊர்ல இப்படித்தானா?” என்று கேட்டாள். நான் ஜப்பானில் வேலை பார்க்கிறேன், என் மகள் இங்கே ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் படிக்கிறாள். அக்காவுக்குச் சொல்ல வேண்டிய பதிலை நேராக உங்களிடமே சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

அந்த வீடியோவில் அதிகக் கைத்தட்டல் வாங்கிய வரி, ‘ஜப்பானில் பேரரசர் முன்னால் தலை வணங்கத் தேவையில்லாத ஒரே ஆள் ஆசிரியர்’ என்பது. வாட்ஸ்அப்பில் பல வருடமாகச் சுற்றும் வரிதான், உங்களில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஐயா, நடந்த கதை இதற்கு நேர் எதிர். 1890-ல் பேரரசர் மெய்ஜியின் பெயரில் கல்வி பற்றிய ஆணை ஒன்று வெளியானது. அது எல்லாப் பள்ளிகளுக்கும் போனது, விழா நாட்களில் தலைமை ஆசிரியர் அதைப் பயபக்தியோடு வாசிக்க வேண்டும், எல்லாரும் தலை குனிந்து கேட்க வேண்டும். 1891 ஜனவரியில் தோக்கியோவின் முதல் உயர்நடுநிலைப் பள்ளியில் நடந்த அப்படியொரு விழாவில், உச்சிமுரா கான்சோ என்ற ஆசிரியர் ஆணையில் இருந்த பேரரசரின் கையெழுத்துக்குப் போதிய அளவு குனிந்து வணங்கவில்லை. அவர் வணங்கவே இல்லை என்றுகூட இல்லை, குனிந்தது போதவில்லை என்பதுதான் குற்றம். நாடே கொந்தளித்தது, அவருக்கு வேலை போயிற்று. அப்புறம் பேரரசர் படத்தையும் ஆணையையும் வைப்பதற்கென்றே பள்ளி வளாகங்களில் தனிக் கட்டடம் எழுப்பும் வழக்கம் பரவியது. 1896-ல் வடகிழக்குக் கடலோரமான சான்ரிக்குவைத் தாக்கிய சுனாமியில் அந்தப் படத்தைக் காப்பாற்றப் போன ஆசிரியர் ஒருவர் உயிரையே விட்டார். இப்படி ஒரு வரலாறு உள்ள நாட்டைக் காட்டி, ஆசிரியர் வணங்க வேண்டியதில்லை என்று நீங்கள் சொல்லும்போது கைத்தட்டுகிறவர்களும் ஆசிரியர்கள்தான், அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அடுத்தது, ‘நான்காம் வகுப்பு வரை தேர்வே கிடையாது’. என் மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே சோதனைத் தாள்களை மதிப்பெண்ணோடு வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். ஒரு பாடம் முடிந்தால் ஒரு தாள், சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துக்குத் தனியாக ஒரு தாள். ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் 2007-லிருந்து நாடு முழுவதும் ஒரே தேர்வு நடக்கிறது. பதினைந்து வயதில் உயர்நிலைப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு, அதற்கு மாலை நேர டியூஷன் மையங்கள், இரவில் ரயிலில் புத்தகப் பையோடு தூங்கி வழியும் பிள்ளைகள், எல்லாம் நம் ஊர் போலத்தான். சரி, தேர்வில் தோற்றால் அதே வகுப்பில் நிறுத்துவதில்லை, அது உண்மை. ஆனால் அதுவும் ஆதியிலிருந்து வந்த பழக்கமில்லை. 1870-களில் தொடக்கப் பள்ளியை அரையாண்டுக்கு ஒரு படியாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் தேர்வு வைத்து, தோற்றவனை அங்கேயே நிறுத்தினார்கள். பெரும்பாலான பிள்ளைகள் அடிப்படிகளைத் தாண்டாமலே பள்ளியை விட்டுப் போனார்கள். ஏறத்தாழ முப்பது வருடம் கழித்து, 1900-ல் கொண்டுவந்த சட்டத்தில்தான் அந்தத் தேர்வை எடுத்துவிட்டு, ஆசிரியர் அன்றாடம் பார்க்கும் படிப்பை வைத்து மேலே அனுப்பலாம் என்றார்கள்.

இதெல்லாம் சின்னச் சின்னப் பொய்கள், போகட்டும் என்று விட்டுவிடலாம். ‘காலங்காலமாகக் கல்வியைத் தெய்வமாக மதித்த இனம், அவர்கள் ரத்தத்திலேயே ஒழுக்கம் இருக்கிறது’ என்று முடித்தீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. ஏனென்றால் அந்த வரியிலிருந்துதான் ஆயாம்மாக்களின் வேலை போயிருக்கிறது.

ஜப்பானில் கல்வி அமைச்சகம் உருவானது 1871-ல். அடுத்த வருடம் நாடு முழுவதற்குமான கல்வித் திட்டத்தை அறிவித்தார்கள். எந்த ஊரிலும் படிக்காத வீடு இருக்கக் கூடாது, எந்த வீட்டிலும் படிக்காத ஆள் இருக்கக் கூடாது என்று அதன் முன்னுரையில் எழுதியிருந்தது. நாட்டை 8 பல்கலைக்கழக வட்டாரங்களாகவும் 256 நடுநிலைப் பள்ளி வட்டாரங்களாகவும் பிரித்து, மொத்தம் 53,760 தொடக்கப் பள்ளிகள், அதாவது 600 பேருக்கு ஒரு பள்ளி என்று கணக்குப் போட்டார்கள். இன்றைக்கு ஜப்பானில் இருக்கும் தொடக்கப் பள்ளிகளைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல்! வட்டாரப் பிரிவை பிரான்ஸிடமிருந்து எடுத்தார்கள், பாடத்தையும் கற்பிக்கும் முறையையும் பெரும்பாலும் அமெரிக்காவிடமிருந்து எடுத்தார்கள். டேவிட் முர்ரே என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1873-ல் வந்து அமைச்சகத்துக்கு ஆலோசகராக உட்கார்ந்தார். ஆக, ரத்தத்தில் இருந்ததாக நீங்கள் சொல்வதில் பாதி, கப்பலில் வந்து இறங்கியது.

பணம் எங்கிருந்து வந்தது என்று எந்த மேடையிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கல்வியால் பலன் அடைகிறவன் நீ, ஆகவே செலவும் உன்னுடையது என்பதுதான் அந்த 1872 அறிவிப்பின் நிலைப்பாடு. மத்திய அரசு கொடுத்தது மிகச் சிறிய பங்கு. மீதிக்கு ஊர் வரி, நன்கொடை, மாதக் கட்டணம். தொடக்கப் பள்ளிக்கு மாதம் 50 சென் (அதாவது அரை யென்), முடியாதவர்களுக்கு 25 சென் என்று விதியில் எழுதியிருந்தது. அன்றைய விவசாயக் குடும்பத்துக்கு அது எட்டாத தொகை என்பதால் பல இடங்களில் அதைவிடக் குறைத்தே வாங்கினார்கள். அப்படியும், வயலில் நாற்று நடும் கையும், தம்பி தங்கையைச் சுமக்கும் முதுகும் பள்ளிக்குப் போய்விட்டால் வீடு எப்படி நடக்கும்? மனமுவந்து கொடுத்த ஊர்கள் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. கியோத்தோ மக்கள் அரசு திட்டம் போடுவதற்கு முன்பே, 1869-ல், பேட்டைக்கு ஒன்றாக 64 தொடக்கப் பள்ளிகளைத் திறந்துவிட்டார்கள். மட்சுமோத்தோ நகரில் 1876-ல் கட்டிய கைச்சி பள்ளிக்கு ஆன சுமார் 11,000 யென்னில் ஏறத்தாழ 70 சதவீதம் ஊர்க்காரர்களின் நன்கொடை. அந்தக் கட்டடம் இன்று தேசியப் பொக்கிஷம், போய்ப் பார்த்திருக்கிறேன், அழகு.

ஆனால் கொளுத்திய ஊர்களும் இருந்தன. 1873-ல் கட்டாய ராணுவச் சேவை, புதுக் காலண்டர், பள்ளிச் செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்து மேற்கு ஜப்பானில் கலவரம் வெடித்தது. ஒக்காயாமா பக்கமும் ககாவா பக்கமும் பள்ளிகள் தாக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. 1876-ல் மியே பகுதியில் நிலவரிக் கலவரத்திலும் அதே கதை. அந்த 1873-ல் பள்ளி வயதுப் பிள்ளைகளில் பதிவேட்டில் இருந்தவர்கள் 28 சதவீதம். ஆண் பிள்ளைகளில் 40 சதவீதம், பெண் பிள்ளைகளில் 15. பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு, வகுப்பில் ஆள் இருப்பது வேறு என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. 1890-லும் பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியேதான் இருந்தார்கள். முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு வரும் சிறுமிகளுக்காகத் தனிப் பள்ளிகளே நடத்த வேண்டியிருந்தது.

எப்போது மாறியது? 1900-ல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கட்டணத்தை எடுத்தார்கள். அந்த வருடம் பதிவு 81 சதவீதம், 1902-ல் 90-ஐத் தாண்டியது. அப்புறம்தான் தைரியமாக, 1907-ல், கட்டாயக் கல்வியை நான்கு வருடத்திலிருந்து ஆறாக நீட்டினார்கள். கட்டணம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அதிகாரிகள் வீடு வீடாகப் போய் நெருக்கினார்கள், பெண் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்ததால் அனுப்பிய தாய்மார்கள் உண்டு. சீனாவைப் போரில் தோற்கடித்து வாங்கிய இழப்பீட்டில் ஒரு கோடி யென்னைக் கல்வி நிதியாக ஒதுக்கியதும் உண்டு, அது பெருமைப்படும் கணக்கில்லை. எப்படிப் பார்த்தாலும் இதில் சட்டம் இருக்கிறது, பணம் இருக்கிறது, கட்டாயம் இருக்கிறது. ரத்தம் எங்கே இருக்கிறது?

இன்னொரு கதை சொல்கிறேன், இது தமிழ்நாட்டு மேடைகளுக்கு என்றே செய்தது போல இருக்கும். என் மகளின் பாடப் புத்தகத்துக்குப் பின்னட்டையில், மக்களின் வரிப்பணத்தில் இது இலவசமாக வழங்கப்படுகிறது, பத்திரமாக வைத்துக்கொள் என்று அச்சடித்திருக்கும். வெளிநாட்டுக் குழந்தையான அவளுக்கும் அது இலவசம்தான். அது யார் கொடுத்த வரம் என்று தேடிப் படித்தபோது புராக்கு மக்களிடம் போய் நின்றேன். பிறப்பையும் தொழிலையும் வைத்துத் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். 1871-ல் அந்த இழிநிலையைச் சட்டத்தால் நீக்கினார்கள். இரண்டு வருடம் கழித்து ஒக்காயாமா கலவரக்காரர்கள் பள்ளிகளைத் தாக்கியதோடு, அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறச் சொல்லி புராக்கு மக்களையும் கொன்றார்கள். பல ஊர்களில் அவர்களின் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி ஒதுக்கி உட்கார வைத்தார்கள். தொண்ணூறு வருடம் தள்ளி வாருங்கள். 1961-ல் கோச்சி நகரத்தில் நாகஹாமா என்ற பகுதி. அங்கே புராக்குத் தாய்மார்கள் ஆசிரியர்கள் சிலரோடு சேர்ந்து அரசியல் சட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ‘கட்டாயக் கல்வி இலவசமாக இருக்க வேண்டும்’ என்று 26-ஆவது பிரிவில் இருக்கிறதே, அப்புறம் எதற்கு நாம் நாள் கணக்கில் கூலியைக் கொட்டிப் புத்தகம் வாங்குகிறோம் என்று கேட்டார்கள். அந்த ஏப்ரலில், பள்ளி திறந்த நேரத்தில், புத்தகம் வாங்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். பிள்ளைகள் புத்தகம் இல்லாமல் வகுப்புக்குப் போனார்கள், ஆசிரியர்கள் பாடத்தைக் கையால் படியெடுத்துக் கொடுத்து நடத்தினார்கள். மேலே இருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை, ஊருக்குள்ளும் எதிர்ப்பு. ஆனால் பேச்சு நாடாளுமன்றம் வரை போனது. 1963-ல் சட்டம் வந்து, ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, 1969-க்குள் ஒன்பது வகுப்புக்கும் புத்தகம் இலவசமானது. ஒடுக்கப்பட்ட தாய்மார்கள் வாங்கித் தந்த உரிமை அது. ஒரு மேடையிலாவது இதை நீங்கள் சொன்னதாக நான் கேட்டதில்லை, சொன்னால் அழைத்த தாளாளருக்குப் பிடிக்குமா என்பது வேறு கேள்வி.

தாய்மொழிக் கல்வி பற்றி நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். தொடக்கப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை இங்கே ஜப்பானிய மொழிதான், அது பெரிய பலம். ஆனால் 1877-ல் தொடங்கிய தோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆரம்பத்தில் பெரும்பாலும் வெளிநாட்டுப் பேராசிரியர்கள் ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்தினார்கள். அவர்களிடம் படித்தவர்களே பேராசிரியர்களாகி, துறை துறையாகச் சொல்லை உருவாக்கி, ஜப்பானிய மொழிக்கு மாற்றினார்கள். பின்னாளில் முதல் கல்வி அமைச்சரான மொரி அரினோரிகூட 1872-ல், எளிமைப்படுத்திய ஆங்கிலத்துக்கே மாறிவிடலாமா என்று ஓர் அமெரிக்க மொழியறிஞருக்குக் கடிதம் எழுதிக் கேட்டவர்தான். அப்புறம், ‘தாய்மொழி’ என்று நீங்கள் சொல்வது யாருடைய தாய்மொழி? தெற்குத் தீவுகளான ஓக்கினாவாவின் பிள்ளைகள் தங்கள் மொழியில் பேசினால் கழுத்தில் ஒரு மரப்பலகையைத் தொங்கவிட்டார்கள். அடுத்து யாராவது அப்படிப் பேசி மாட்டும் வரை அவனே சுமக்க வேண்டும். போருக்குப் பிறகும் அந்தப் பழக்கம் சில பள்ளிகளில் நீடித்தது. வடக்கே உள்ள பழங்குடியினரான ஐனு மக்களின் பிள்ளைகளுக்கும் அவர்கள் மொழி பள்ளியில் கிடைக்கவில்லை. வளாகத்துக்குள் தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிகள் நம் ஊரில் உண்டு. அந்த மேடைகளில் ஏறி நின்றே ஜப்பானின் தாய்மொழிப் பற்றைப் பாராட்டுகிறீர்கள், அந்த அபராதத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வருவதில்லை.

இனி துடைப்பம். ஆமாம், என் மகள் பள்ளியில் துடைக்கிறாள், பெருக்குகிறாள், சாப்பாடு பரிமாறுகிறாள், அது நல்ல பழக்கம். தலைமை ஆசிரியரும் கூடவே துடைக்கிறார். ஆனால் அந்தப் பள்ளிக்குச் சம்பளம் வாங்கும் பராமரிப்புப் பணியாளர் இருக்கிறார். உடைந்த குழாய், அடைத்த சாக்கடை, மரம், தோட்டம் எல்லாம் அவர் பொறுப்பு. பிள்ளைகள் துடைப்பது படிப்பின் ஒரு பகுதி, சம்பளச் செலவை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு கிடையாது. மாதக் கல்விக் கட்டணமும் கிடையாது, சில்லறைச் செலவுக்குத்தான் கட்டுகிறோம். ஆசிரியர் சம்பளத்தை, சில பெருநகரங்கள் நீங்கலாக, மாகாணம் கொடுக்கிறது, அதில் மூன்றில் ஒரு பங்கை மத்திய அரசு தருகிறது. 2006 வரை அது பாதியாக இருந்தது. ஆசிரியர்கள் சில வருடத்துக்கு ஒரு முறை மாகாணத்துக்குள் இடம் மாறுகிறார்கள், மலைக் கிராமத்துப் பள்ளிக்கும் நகரத்துப் பள்ளிக்கும் ஒரே பணப்பையிலிருந்துதான் சம்பளம். ‘ஜப்பான் முறை’ என்று ஒன்றைக் கொண்டுவருவதாக இருந்தால் இதைக் கொண்டுவாருங்கள், துடைப்பத்தை அப்புறம் பார்க்கலாம்.

இங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 2023 கல்வியாண்டில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் நீண்ட நாள் பள்ளிக்கே வராமல் இருந்த பிள்ளைகள் 3.4 லட்சத்துக்கும் மேல். ஆசிரியர்கள் இரவு வரை வேலை செய்து நொந்து கிடக்கிறார்கள். என் மகளைப் போன்ற வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்விச் சட்டமே பொருந்தாது, நாம் விண்ணப்பித்தால் சேர்த்துக்கொள்வார்கள், விடுபட்டவர்களைத் தேடும் வேலை ஊருக்கு ஊர் மாறுகிறது. இதை எல்லாம் இங்குள்ளவர்களே வெளிப்படையாகச் சண்டை போட்டுப் பேசுகிறார்கள்.

பேச்சாளர்களிடம் நான் கேட்பது இது. ஆசிரியர் வணங்கத் தேவையில்லை, நான்காம் வகுப்பு வரை தேர்வில்லை என்ற இரண்டு வரிகளையும் இன்றோடு நிறுத்துங்கள். ஏற்கெனவே யூடியூபில் கிடக்கும் பேச்சுகளுக்குக் கீழே திருத்தம் போடுங்கள், பார்க்கிறவர்களுக்குத் தெரியும்படி மேலேயே பின் செய்யுங்கள். அடுத்த மேடையில் ஜப்பானைப் பற்றிப் பேசினால் 1900-ல் கட்டணத்தை எடுத்ததையும் நாகஹாமா தாய்மார்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்தத் தாளாளர் முன்னால் பேசினாலும் சொல்லுங்கள்.

தாளாளர்களே, அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். நிறுத்திய இரண்டு ஆயாம்மாக்களையும் பழைய சம்பளத்துக்குக் குறையாமல் வேலைக்கு எடுங்கள், வேலை இல்லாமல் போன மாதங்களின் சம்பளத்தையும் கொடுங்கள். பிள்ளைகள் பெருக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளையும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறது என்றால் அதுவும் பெருக்க வேண்டும், ஆசிரியர்களும் நீங்களும் கூட நிற்க வேண்டும். கழிப்பறைக்குப் பிள்ளைகளை அனுப்புவதற்கு முன்னால் கையுறை, சோப்பு, தண்ணீர், கூட ஒரு பெரியவர், இத்தனையும் இருக்கிறதா என்று பெற்றோர் கூட்டத்தில் காட்டுங்கள். எந்த வகுப்புப் பிள்ளைகளை எந்த வேலைக்கு அனுப்பினீர்கள் என்ற பட்டியலையும் அங்கே வையுங்கள், அதே பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கழிப்பறைக்குப் போகிறார்களா என்று பார்க்க வேண்டியது பெற்றோரின் உரிமை. வளாகத்தில் தமிழ் பேசினால் அபராதம் என்ற விதி உங்கள் பள்ளியில் இருந்தால் அதை எழுத்தில் ரத்து செய்யுங்கள். இந்த வருடம் கூட்டிய கட்டணம் எதற்குப் போகிறது என்று ஒரு பக்கக் கணக்கு எழுதி, அந்தச் சுற்றறிக்கையை அனுப்பியது போலவே எல்லா வீட்டுக்கும் அனுப்புங்கள். காலாண்டு விடுமுறைக்குள் இவற்றுக்குப் பதில் வேண்டும், அக்கா பெற்றோர் கூட்டத்துக்கு இந்த மடலின் நகலோடுதான் வருவாள்.